சம்பந்தி வீட்டில் நான் எழுதிய கூட்டறிக்கை

2023 செப்டெம்பர் 10, ஞாயிறு. காலை 5.10க்கு எழுந்தேன். கடற்கரை வீதியில் தெஹிவளைப் பக்கமாக நாற்பது நிமிட நடை. 6.15க்குக் குளிப்பு. 6.40க்குப் பாணும் சம்பலும். 7.30க்கு எங்கள் தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டதா என்று மூன்றாம் மாடிக்காரரிடம் விசாரித்தேன் (நிரம்பியிருந்தது). 8 மணிக்குச் சப்பாத்துக்கு மினுக்கம். 9 மணிக்கு, பின்னேரம் போகவேண்டிய வீட்டில் கேட்கவேண்டிய கேள்விகளை எழுத உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் பதினான்கு கேள்விகள் தயாராகிவிட்டன.

அன்றைய நாளில் ஒழுங்காக நடந்த பகுதி இவ்வளவுதான்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருடங்களாக ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் கூட்டறிக்கை எழுதுவது என் வேலை. கூட்டங்களில் மற்றவர்கள் பேசுவார்கள், நான் குனிந்து எழுதுவேன். பணிப்பாளர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். அவர்களுடைய முகங்கள் எனக்கு அவ்வளவு நினைவில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் திகதி வாரியாக இருக்கிறது. ஒரு பணிப்பாளர், நான் எழுதி முடிக்கும்வரை பேச்சை நிறுத்திவைத்துக் காத்திருப்பார். என் பேனை நின்ற பிறகுதான் அடுத்த வசனம். ஒருவர் சொல்வதைக் குனிந்து எழுதிக்கொள்வதைவிட அவருக்குக் காட்டக்கூடிய பெரிய மரியாதை உலகில் கிடையாது என்று நான் மனப்பூர்வமாக நம்பிவந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

போன காரியம் என் மகள் தாரணியின் கல்யாணம். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. தன் அலுவலகத்தில் வேலை செய்யும் நிஷான் என்ற பையனை விரும்பினாள். எங்கள் வீட்டில் அவனைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் சைவம். அதைப் பற்றிய கேள்விகள் மூன்று முதல் ஏழு வரை என் பட்டியலில் இருந்தன. நிஷானின் அப்பா அன்ரன், ஒரு தையல் நிலையத்தில் துணி வெட்டுபவர். அம்மா ரோசலின், வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவர். இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. நிஷானுக்குக் கேட்கும். கையால் கதைக்கிற மொழிதான் அவன் முதலில் படித்த மொழி, தமிழ் இரண்டாவது.

அவன் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தான். "எனக்கு இஷ்டம்தான் அங்கிள். ஆனா அம்மா சரின்னு சொன்னாத்தான்."

ஆக, அன்று சம்மதம் கேட்கப் போனவர்கள் நாங்கள்.

முதல்நாள் பின்னேரம் தாரணி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் ஒரு வருடமாக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்கு அங்க எப்பிடி நடக்கவேணும் எண்டு கொஞ்சம் சொல்லித்தரட்டோ?"

"சொல்லு பிள்ளை, சொல்லு" என்று குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன்.

"முதலாவது, ஆக்கள் கதைக்கேக்க முகத்தைப் பார்க்கவேணும்."

எழுதினேன்: *1. முகம் பார்க்கவும்.* அவள் முகத்தைப் பார்க்காமல்தான் எழுதினேன் என்பது எனக்குப் பல நாட்களுக்குப் பிறகே உறைத்தது. அவள் மேலும் ஏதோ சொன்னாள். ஒன்பது குறிப்புகள் வரை எழுதி அடிக்கோடிட்டேன். அவள் பெருமூச்சுவிட்டுப் போனாள். (பெருமூச்சைக் குறித்துக்கொள்ளவில்லை.)

4.00 மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றோம்: நான், என் மனைவி வதனி, தாரணி. பக்கத்துச் சுவரும் இவர்கள் சுவரும் ஒன்றாக இருக்கும் பழைய வரிசை வீடு. அழைப்பு மணியை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. மீண்டும் அழுத்தினேன். பழுதாகிவிட்டது என்று முடிவுசெய்து, பழுதான மணியை எல்லாரும் செய்வதுபோல நானும் பலமாக, விட்டுவிட்டு, பலமுறை அழுத்தினேன்.

"அப்பா, விடுங்கோ! அது லைற் அடிக்கிற மணி!" என்று தாரணி என் கையைப் பிடித்தாள்.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. உள்ளே மண்டபம், குசினி, அறை எங்கும் விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. வெசாக் பண்டிகைக்கு வீதியில் கட்டும் மின்விளக்குப் பந்தல் ஒன்றை வீட்டுக்குள் கட்டியதுபோல இருந்தது. அன்ரன் கையில் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து நின்றார். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் அழைப்பதாக நினைத்திருக்கிறார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பிறகு சிரித்து அதைக் கீழே வைத்தார்.

மண்டபத்தில் அன்ரனும் ரோசலினும் எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்கள். ரோசலின் சிறிய உருவம். முழங்கை வரை மாவின் வாசம். கண்கள் ஒரு விநாடிகூட ஆளை விட்டு நகராதவை. நிஷான் ஒரு பக்கமாக ஸ்டூலில் இருந்தான். அவர் கைகளால் பேச, இவன் குரலால் சொன்னான்.

இங்கேதான் எனக்கு இரண்டாவது தடுமாற்றம். தாய் சொல்வதை "அம்மா இப்படிச் சொல்றாங்க" என்று அவன் சொல்வதில்லை. அவர் "நான்" என்றால் அவனும் "நான்" என்றான். இது அவர்களுடைய முறை. பேச்சு பேசுகிறவருக்கே உரியது, நடுவில் இருப்பவன் தன்னை ஓர் ஆளாகக் காட்டக்கூடாது. தாரணி இதை எனக்குச் சொல்லித்தான் இருந்தாள் (குறிப்பு 4). ஆனால் மீசை வைத்த ஓர் இளைஞன் தடித்த குரலில், "நான் இந்தப் பிள்ளைய பெத்தெடுத்தப்போ பன்னெண்டு மணித்தியாலம் வலி. பிள்ளை அழுதிச்சான்னு எனக்குத் தெரியல. நர்ஸோட முகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லும்போது யாருக்குத்தான் தலை சுற்றாது? நான் எழுதினேன்: *நிஷான். பிரசவ வலி, 12 மணி.*

எழுதிவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்துக் கேட்டேன்: "தம்பி, அம்மாவிட்டக் கேளுங்கோ, கோயில்லயும் சேர்ச்சிலயும் ரெண்டு இடத்திலயும் கல்யாணம் வைக்க அவவுக்குச் சம்மதமோ எண்டு."

நிஷான் மெதுவாக, "அங்கிள், அம்மா இங்கதான் இருக்காங்க. நீங்களே கேளுங்க" என்றான்.

"ஓம் ஓம்" என்றேன். அடுத்த கேள்வியையும் அவனிடமேதான் கேட்டேன்.

ரோசலின் பேசத் தொடங்கினார். நான் குனிந்து எழுதினேன். நிமிர்ந்தபோது அவருடைய கைகள் அந்தரத்தில், ஒரு சொல்லின் நடுவில், அப்படியே நின்றிருந்தன. நான் நிமிர்ந்ததும் தொடர்ந்தார். நான் குனிந்தேன். கைகள் நின்றன. நிமிர்ந்தேன். தொடர்ந்தன.

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அந்தப் பணிப்பாளர் நினைவுக்கு வந்தார். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்த ஒரு மனுசி! இப்படிப்பட்ட குடும்பத்தில் சம்பந்தம் கிடைக்க என் மகள் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த மகிழ்ச்சியில் இன்னும் விரிவாக எழுதினேன். *ரோசலின் அம்மா நிதானமாகப் பேசுபவர்* என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டேன். எதிரே அவருடைய முகம் படிப்படியாக மூடிக்கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை. நான்தான் எதையுமே பார்க்கவில்லையே.

ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு கேக் வந்தது. ரோசலின் எல்லாருக்கும் துண்டு வெட்டிக்கொண்டிருந்தார். அன்ரன் தட்டுகளை அடுக்கினார். அறையில் கத்தி தட்டில் படும் சத்தம் மட்டும். நான் வதனியின் காதோரம் குனிந்து ஒரு பகிடி சொன்னேன். அது என்னவென்று பிறகு சொல்கிறேன். அந்தப் 'பிறகு'தான் இந்தக் கதையே. வதனி அடக்கமுடியாமல் சிரித்தாள். அவள் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். ரோசலின் கத்தியை நிறுத்தினார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தாரணியிடம் விரல்களால் ஏதோ கேட்டார்.

தாரணிக்கும் என் பகிடி கேட்டிருக்கவில்லை. அவளும் பதற்றத்தில் கையால் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்டபோது, "ஒண்டுமில்லை, பிறகு சொல்றன் எண்டு சொன்னனான்" என்றாள்.

ரோசலின் தலையை ஆட்டினார். கேக்கை வெட்டி முடித்தார். அதன்பின் அவர் அதிகம் பேசவில்லை.

5.30க்குப் புறப்படுவதாகத் திட்டம். 5.30க்கு எழுந்தேன். கைகூப்பி, "அப்ப போட்டு வாறம்" என்றேன். 5.32க்கு நாங்கள் வீதியில் இருந்தோம். அன்ரன் வாசல்படியில் கையை உயர்த்தியபடி, ஏதோ தொடங்கப்போனவர்போல நின்றார்.

ஓட்டோவில் வரும்போது, "பதினாலு கேள்வியில பதினொண்டுக்கு மறுமொழி கிடைச்சிட்டுது" என்று திருப்தியோடு சொன்னேன்.

தாரணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பம்பலப்பிட்டி தாண்டியபோதுதான் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

ஏழு மணிக்கு நிஷானின் அழைப்பு வந்தது. தாரணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அங்கிள், அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க." அவனுடைய குரல் தளர்ந்திருந்தது. "உங்க மேல கோவம் இல்லயாம். தாரணிய ரொம்பப் பிடிக்குமாம். ஆனா வேணாமாம்."

"ஏன் தம்பி? சேர்ச் விசயமோ?"

"அதில்ல அங்கிள். நீங்க பதினேழு தரம் குனிஞ்சீங்களாம். அம்மா எண்ணிருக்காங்க."

என் வாழ்நாளில் மற்றவர்களின் வசனங்களை எண்ணியிருக்கிறேன். என்னை யாரும் எண்ணியது அதுதான் முதல்தடவை.

"தம்பி, நான் மரியாதைக்குத்தான் எழுதினனான். அவ சொன்ன ஒரு சொல்லையும் விடயில்லை!"

"எனக்குத் தெரியும் அங்கிள்" என்றான். அவ்வளவுதான்.

தொலைபேசியை வைத்ததும் தாரணி என் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்பா, உங்களுக்கு முக்கியமான ஒரு விசயத்தை எனக்குச் சொல்லுங்கோ. எதெண்டாலும்."

"நான் என்ன செய்தனான் எண்டு விளங்கப்படுத்தத்தான் பிள்ளை சொல்லவாறன், நான் வேணுமெண்டு..."

அவள் இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

நான் நிறுத்தினேன். அவள் திரும்பினாள். நான் மீண்டும் தொடங்கினேன். அவள் மீண்டும் காதை அடைத்துச் சுவரைப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் அப்படியே. "என்ன பழக்கம் இது? தகப்பன் கதைக்கேக்க!" என்று கத்திவிட்டேன்.

"இது மூண்டு தரம் அப்பா" என்றாள். "அன்ரிக்கு நீங்க பதினேழு தரம் செய்தனீங்கள்."

கண்தான் அவர்களுக்குக் காது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பார்வையை எடுத்தால், முன்னால் இருந்துகொண்டே காதைப் பொத்தியதாகத்தான் அர்த்தம். பக்கத்தில் நிஷான் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாலும் எனக்குக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கேட்பது வேறு, அவரோடு இருப்பது வேறு. அன்று நான் அவரோடு இருக்கவில்லை. முகம் பார்க்கவும்: இதுதான் என் குறிப்புகளில் முதலாவதாக, அடிக்கோட்டோடு இருந்தது.

வதனி குசினியிலிருந்து தன் பங்கைச் செலுத்தினாள். "பதினாலு கேள்வி கொண்டுபோனவர், ஒரு மறுமொழியோட வந்திருக்கிறார்."

அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைவு. தாரணி வேலைக்குப் போனாள், வந்தாள், அறைக்கதவைச் சாத்தினாள். அவளுடைய சாப்பாட்டுத் தட்டு பாதி அப்படியே திரும்பிப்போவதை மூன்று நாள் பார்த்தேன். (இந்த முறை பார்த்தேன்.) புதன்கிழமை ரோசலினுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம், பந்திகளுக்கு இலக்கமிட்டு. தாரணியிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுத் திருப்பித்தந்தாள்.

"அங்க குனிஞ்சு எழுதினது போதாதெண்டு, இங்க குனிஞ்சு எழுதினதைக் கொண்டுபோய்க் குடுக்கப்போறீங்களோ?"

"அப்ப என்ன செய்ய?"

"போய் இருங்கோ. அவ சொல்றதைப் பாருங்கோ. அவ்வளவுதான்."

நிஷான் எப்படியோ தாயைச் சம்மதிக்கவைத்து, அடுத்த ஞாயிறு, 17ஆம் திகதி, நாலு மணிக்கு நேரம் வாங்கித்தந்தான். நான் மட்டும் போனேன். மணியை ஒருமுறை அழுத்தினேன். அன்ரன் கதவைத் திறந்து, என் பின்னால் வீதியில் எட்டிப்பார்த்து, வாளி தேவையில்லை என்பதுபோலச் சைகை காட்டினார். எனக்கு அப்போது சிரிக்கும் நிலை இல்லை. ஆனாலும் சிரித்தேன்.

உள்ளே ரோசலின் எனக்கு எதிரே கையை நீட்டினார். என் சட்டைப் பையைக் காட்டினார். பையிலிருந்த சிறிய குறிப்புப் புத்தகத்தையும் பேனையையும் எடுத்துக்கொடுத்தேன். அவர் அவற்றைக் கொண்டுபோய்க் குளிரூட்டிப் பெட்டியைத் திறந்து, பட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் சாத்தினார். பிறகு நிஷானின் ஸ்டூலை எடுத்து என் கதிரைக்குப் பின்னால் போட்டார். அவன் குரல் இனி என் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். என் கண்ணுக்கு முன்னால் அவர் மட்டும்தான்.

பிறகு, எனக்கு எதிரே, முழங்காலுக்கு முழங்கால் ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒழுங்கான வீட்டில் வளர்ந்தவனுக்கு, அயல் பெண் ஒருவரின் முகத்தை மூன்று விநாடிக்கு மேல் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லித்தருவதில்லை; கழுத்துக்குத் தானாகவே தெரியும். என் கழுத்து கீழே இழுத்தது. நான் மேலே இழுத்தேன். அவருடைய புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பத்தாவது நிமிடமளவில்தான் முகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் சொன்னார். எனக்குப் பின்னாலிருந்து நிஷான் குரல் கொடுத்தான்.

"எங்க வீட்டுல அஞ்சு பேர். எனக்கு மட்டுந்தான் கேக்காது. சாப்பாட்டு மேசையில எல்லாரும் சிரிப்பாங்க. நான் என்னன்னு கேப்பேன். அக்கா, 'பிறகு சொல்றேன்'ன்னு சொல்லுவா. பிறகு கேட்டா, 'அது ஒண்ணுமில்ல, மறந்துட்டேன்'ம்பா. சின்னப்பிள்ளயில இருந்து அப்படித்தான். நான் சாப்பிட்டுட்டு எழும்பிப் போயிருவேன். எனக்குப் பசி இல்லன்னு நெனச்சுக்குவாங்க."

கைகள் ஒரு கணம் மடியில் கிடந்தன. மீண்டும் எழுந்தன.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ எல்லாரும் கட்டிலச் சுத்தி நின்னாங்க. அப்பா ஏதோ சொன்னாரு. எல்லாரும் அழுதாங்க. நான் அக்காவோட தோளத் தட்டி, என்ன சொன்னாருன்னு கேட்டேன். அவ கைய இப்படிக் காட்டினா."

உள்ளங்கையை எனக்குக் காட்டி, மெதுவாக முன்னால் தள்ளினார். பொறு. பிறகு.

"அப்பா போயிட்டாரு. செத்தவீடு, முப்பத்தோராம் நாள், எல்லாம் முடிஞ்சுது. கேட்டேன். அக்காவுக்கு நெனவில்ல. தம்பி ஒண்ணு சொன்னான், தங்கச்சி வேற ஒண்ணு சொன்னா. அப்பா என்ன சொன்னாருன்னு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

பின்னாலிருந்து வந்த குரல் நின்றுவிட்டது. தாய் அவனைப் பார்த்து ஒரு விரலை அசைத்தார், அவன் தொடர்ந்தான்.

"நாளைக்கு எம்மகனுக்குப் பிள்ளைங்க பொறக்கும். உங்க வீட்டு மேசையில அதுங்க கதைக்கப் பழகும். எல்லாரும் சிரிப்பாங்க. நான் யாரோட தோளத் தட்டுவேன்?"

என் கண் நிறைந்துவிட்டது. கைலேஞ்சி காற்சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவேண்டுமானால் குனியவேண்டும். குனியவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மீசையைக் கடந்து, நாடியில் வந்து தொங்கியது. என் வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமாக நான் ஓர் அந்நியர் முன்னால் இருந்ததில்லை. அன்ரன்தான் எழுந்துவந்து, ஒரு பேப்பர் சேர்வியட்டால் பிள்ளைக்குத் துடைப்பதுபோல என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அதன்பின் ரோசலின் கேட்டார்.

"போன கெழம கேக் வெட்டுறப்போ நீங்க ஏதோ சொன்னீங்க. உங்க மனுசி சிரிச்சாங்க. என்ன சொன்னீங்க?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. என் பதினான்கில் அது இல்லை.

ஒரு கணம், "அது ஒண்டுமில்லை, சும்மா" என்ற சொற்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 'ஒண்டுமில்லை'யை அவர் ஐம்பது வருடமாக வாய்களில் பார்த்துப் பழகியவர் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லாமல் விட்டால் என் மகளின் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்தது. சொன்னாலும் முடியக்கூடும். பகிடி அப்படிப்பட்டது.

"நான் சொன்னனான்..." என்று அவர் முகத்தைப் பார்த்துத் தொடங்கினேன். இந்த முறை நிஷானிடம் சொல்லவில்லை. "நான் மனுசிக்குச் சொன்னனான்: 'பாரும், எவ்வளவு அமைதியான வீடு. உம்மட தங்கச்சிமார் மூண்டு பேரையும் இங்க கொண்டுவந்து ஒரு மாசம் விடவேணும்' எண்டு."

பின்னால் நிஷான் தயங்குவது தெரிந்தது. அவன் தாய் தகப்பனைப் பற்றிய பகிடியை அவனே அவர்களுக்குக் கையால் சொல்லவேண்டியிருந்தது. அவன் எழுந்து முன்னால் வந்து, ஒரு சொல்லும் விடாமல் சொன்னான்.

முதலில் அன்ரனுக்குத்தான் விளங்கியது. மேசையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். என் நாற்காலிவரை அதிர்ந்தது. பிறகு சிரித்தார். வயிற்றிலிருந்து கிளம்பிய, வெளியே வீதிவரை கேட்கக்கூடிய சிரிப்பு. அமைதியான வீடு!

ரோசலின் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். கைகள் நிதானமாக எழுந்தன.

"நாங்க அமைதியா இருக்கல. அண்டைக்கு முழுக்க நானும் இவரும் கதைச்சுக்கிட்டேதான் இருந்தோம். நீங்கதான் பாக்கல."

"ஓம்" என்று தலையாட்டினேன். பிறகு அவரிடமே கேட்டேன்: "என்ன கதைச்சனீங்கள்?"

இப்போது அவர் சிரித்தார். அன்ரனைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஏதோ வேகமாக வாதாடினார்கள். அன்ரன் 'வேண்டாம்' என்று தலையாட்டினார். ரோசலின் என்னிடம் திரும்பினார். அவர்கள் வீட்டில் 'ஒண்டுமில்லை' கிடையாது.

"இந்த மனுசன் பரீட்சை எழுத வந்திருக்கிறாரோன்னு கேட்டாரு. 'பேப்பரக் குடுத்துட்டு அனுப்பிவை, பெயிலாகட்டும்'ன்னு நான் சொன்னேன்."

அன்றுதான் முதன்முதலாக அந்த வீட்டில் எல்லாரும் ஒரே பகிடிக்கு, ஒரே நேரத்தில் சிரித்தோம்.

அவர் "சரி" என்று தனியாக ஒரு சொல்லில் சொல்லவில்லை. குசினிக்குப் போய்க் கேக் கொண்டுவந்தார். "கல்யாணத்துக்கு அஞ்சு அடுக்குக் கேக் நான்தான் செய்வேன். அதுல யாரும் தலையிடக்கூடாது" என்றார். என் மகளுக்கு நான் அனுப்பிய குறுஞ்செய்தி இதுதான்: *கேக் அவவாம்.* பத்து நிமிடத்தில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது: காலியான சாப்பாட்டுத் தட்டு.

6.00 மணிக்குப் புறப்பட எழுந்தேன். இந்த முறை தாரணியின் குறிப்பு 9 நினைவில் இருந்தது: *விடைபெற நேரம் எடுக்கும்.* எவ்வளவு என்று அவள் சொல்லியிருக்கவில்லை. மண்டபத்தில் நின்றபடி இருபது நிமிடம். வாசலில் அரை மணித்தியாலம். படியில், அன்ரன் தன் கல்யாணக் கதையை முதலிலிருந்து சொன்னார். முற்காலத்தில் காது கேட்காதவர்களுக்குத் தொலைபேசியால் பயன் கிடையாது. ஒருமுறை சந்தித்துப் பிரிந்தால் அடுத்தது எப்போதென்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சொல்லி முடிக்காமல் யாரும் போகமாட்டார்கள் என்று நிஷான் விளக்கினான். வீதியில் தெருவிளக்கைத் தேடி அதன் கீழ் நின்று மேலும் பதினைந்து நிமிடம். ஓட்டோக்காரர் சிங்களத்தில் என்னவோ முணுமுணுத்தார். நான் திரும்பவில்லை. திரும்பினால் அன்ரனின் வசனம் பாதியில் நிற்கும். குறிப்புப் புத்தகத்தை மறந்து, அதைக் குளிரூட்டிப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

தெருவிளக்கின் கீழ்தான் எனக்குப் பெயர் வைக்கப்பட்டது. அவர்கள் ஒவ்வொரு ஆளுக்கும் கையால் ஒரு பெயர் வைப்பார்கள். அதை நாமே தெரிவுசெய்ய முடியாது. காது கேட்காதவர் ஒருவர் தரவேண்டும். அன்ரன் தலையை நன்றாகக் குனிந்து, இடது உள்ளங்கையில் வலது விரலால் அவசரம் அவசரமாகக் கிறுக்கிக் காட்டினார். நான் மறுத்து, என் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக்காட்டினேன். அது இன்னும் கௌரவமாக இருக்கும் என்று வாதிட்டேன். அன்ரன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மீண்டும் குனிந்து கிறுக்கினார். முடிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு அவர்களுடைய காது கேட்காத நண்பர்கள் நாற்பது பேர் வந்தார்கள். நான் மண்டப வாசலில் கைகூப்பி நின்றேன். முன்பின் பார்த்திராத நாற்பது பேரும் என்னைக் கண்டதும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து உள்ளங்கையில் கிறுக்கினார்கள். என் மனைவியின் தங்கைகள் மூவரும் அதைப் பழகிக்கொண்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒன்றரை வயதுப் பேத்திக்கு 'தாத்தா' என்ற சொல் இன்னும் வாயில் வரவில்லை. ஆனால் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து கையில் கிறுக்குகிறாள். ரோசலின் இதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார். எங்கள் மேசையில் எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

எனக்குப் பெயர் கிடைத்த மறுநாள், செப்டெம்பர் 18, திங்கள். எழுந்ததும் முதலில் நடந்தது இது. 5.55க்கு, நான் பல்துலக்கும்போது, கைபேசி ஒளிர்ந்தது. வீடியோ அழைப்பு. ரோசலின். நிஷான் பக்கத்தில் இல்லை. பின்னால் கேக் அடுப்பின் வெளிச்சம். வாயில் நுரையோடு, பனியனோடு, கைபேசியை நிமிர்த்திப் பிடித்தேன். அவர் மெதுவாக, எனக்காக நிறுத்தி நிறுத்தி, ஏதோ ஒரு நீண்ட விசயத்தைச் சொன்னார். அதில் என் பெயர் மட்டும் இரண்டு இடத்தில் விளங்கியது. அவர் முடித்து, கையசைத்து, மீண்டும் ஏதோ நினைவுவந்து தொடங்கி, மீண்டும் முடிக்கும்வரை நான் அசையவில்லை. வதனி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியும்.

"என்னவாம்?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாது" என்றேன். "ஆனா முடியுமட்டும் பார்த்தனான்."